சென்ஹைசரா, பேயரா, சுண்டாராவா? செம்பனை ஆலைத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் எழுதியதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். செம்பனை (பாமாயில்) ஆலையில் ஷிப்ட் வேலை. வீட்டுக்கு வந்ததும் மூன்று நான்கு மணி நேரம் பாட்டு கேட்பீர்கள். கர்நாடகக் கச்சேரி, பழைய திரைப்பாடல், வாரத்தில் ஒருநாள் கோவில் பஜனைப் பதிவை மடிக்கணினியில் வெட்டி ஒட்டுகிற வேலை. கண்ணாடி போடுகிறவர். கைப்பேசியில் ஹெட்போன் துளை இல்லை. மேலே தகரக் கூரை, பக்கத்தில் காற்றாடி, அதே அறையில் மனைவியும் கைக்குழந்தையும் தூங்குகிறார்கள். சென்ஹைசர் ஹெச்டி 600, ஹெச்டி 560எஸ், பேயர்டைனமிக் டிடி 770 புரோ 250 ஓம், ஹைஃபைமேன் சுண்டாரா, ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ், இந்த ஐந்து ஹெட்போன்களில் எது ஒலியில் சிறந்தது, எது காதுக்குச் சுகம், எது ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் தனிக் கருவி) இல்லாமல் ஓடும் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஒரே கேள்விதான் இருக்கிறது: சேர்த்து வைத்த பணத்தைக் கொடுத்து வாங்கினால், ஒரு வருடம் கழித்தும் அதைத் தினமும் எடுத்து மாட்டுவேனா? அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. மலேசியாவின் பிறையில் ஒரு தொழிற்சாலையில் எட்டு வருடம் ஒலிபெருக்கி சோதிக்கும் வரிசையில் நின்றேன். அப்புறம் சுங்கை சிப்புட்டில் ரேடியோ, ஆம்ப், கோவில் மைக் செட் பழுது பார்க்கும் கடை. அது இருபத்திரண்டு வருடமாக ஓடுகிறது. நீங்கள் சொன்ன ஐந்தும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஒரு குறையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது 56. ஏறக்குறைய 11,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எனக்குக் கேட்பதில்லை. உச்ச ஸ்தாயியில் ஒரு ஹெட்போன் எப்படி மினுக்குகிறது என்று நான் சொன்னால் அதைக் காதால் சொல்லவில்லை, அளவீட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் ஒலியிலிருந்து ஆரம்பிப்பார்கள். உங்கள் விஷயத்தில் அறையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஹெச்டி 600, 560எஸ், சுண்டாரா மூன்றும் திறந்த முதுகு உள்ளவை. காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் வலை மட்டும்தான். உள்ளே ஓடும் பாட்டு வெளியே கேட்கும். வெளியே ஓடும் காற்றாடி உள்ளே கேட்கும். நிசப்தமான தனி அறையில் இவற்றுக்கு ஈடில்லை, பாட்டு தலைக்குள் அடைபடாமல் சுற்றிலும் விரிந்தது போல இருக்கும். ஆனால் இரண்டு அடி தள்ளிக் குழந்தை தூங்கும் அறையில், இரவு ஒரு மணிக்கு, அந்தச் சத்தம் கொசு ரீங்காரம் போல் எல்லோருக்கும் கேட்கும். தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டால் ஆலாபனையின் மெல்லிய இடங்கள் மொத்தமாகப் போய்விடும். அப்போது நம் கை தானாக ஒலியைக் கூட்டும். நான் அஞ்சுவது அந்தக் கையைத்தான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மூடிய முதுகு உள்ளவை டிடி 770, எம்50எக்ஸ் இரண்டும். மூடியது என்றால் எல்லாச் சத்தமும் அடைபடும் என்று நினைக்காதீர்கள். மழையின் சலசலப்பு, பேச்சின் மேல்பகுதி போன்றவற்றை நன்றாகத் தடுக்கும். காற்றாடியின் அடி முழக்கம், பக்கத்து வீட்டு லாரி உறுமல் மாதிரி தாழ்ந்த சத்தங்கள் பெரும்பாலும் உள்ளே வந்துவிடும். அவற்றை அடக்குவது மின்சாரத்தால் இரைச்சலை நீக்கும் புளூடூத் வகைகள்தான். அந்த வகையில் ஆம்ப் உள்ளேயே இருப்பதால் டிரைவ் பண்ணும் கவலையும், அதாவது ஓட்டச் சக்தி போதுமா என்ற கவலையும், கிடையாது. ஆனாலும் பஜனைப் பதிவை வெட்டுகிற வேலைக்கு நான் அவற்றைச் சொல்ல மாட்டேன். புளூடூத்தில் சத்தம் கொஞ்சம் தாமதமாக வரும்; தாளத்தை வைத்து வெட்டும்போது அது தொல்லை.

சுகம் என்பதில் எடை ஒரு பங்குதான். 560எஸ் 240 கிராம், ஹெச்டி 600 260, டிடி 770 270, எம்50எக்ஸ் 285, சுண்டாரா 372. தாளில் பார்த்தால் சுண்டாரா மட்டும் தனியே நிற்கிறது, நான்கு மணி நேரத்தில் உச்சந்தலை அதைச் சொல்லும். மற்ற நான்குக்கும் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே இரண்டு பக்கமும் அழுத்தும் பிடியும், காது மேல் படுகிற மெத்தையும்தான் தீர்மானிக்கும். புது ஹெச்டி 600 இறுக்கமானது, கண்ணாடிக் காம்பு பொட்டில் குத்தும். தலை அகலத்தைவிடச் சற்று அகலமான பெட்டியில் சில இரவுகள் மாட்டி வைத்தால் தளரும். எம்50எக்ஸின் செயற்கைத் தோல் மெத்தை சின்னது, காது முழுதாக உள்ளே அடங்காமல் பலருக்கு ஓரம் படும். நம் ஊர் வெக்கையில் அரை மணி நேரத்தில் உள்ளே வியர்த்துவிடும். டிடி 770-இன் மெத்தை வெல்வெட் மாதிரியான துணி. வட்டமும் பெரியது, காற்றும் கொஞ்சம் போகும். கண்ணாடிக் காம்பு அந்தத் துணிக்குள் புதைந்து உட்காருவதால் வலியும் குறைவு. ஆனால் மூடிய ஹெட்போனில் கண்ணாடிக் காம்பு ஓரத்தில் சந்து விட்டால் பேஸ் (தாழ்ந்த முழக்கம்) கசிந்துவிடும். உங்கள் கண்ணாடியின் காம்பு தடிமனாக இருந்தால் மெல்லியதாக மாற்றிப் பாருங்கள். எந்த ஆம்ப் வாங்கினாலும் கிடைக்காத வித்தியாசம் அதில் கிடைக்கும்.

இதையும் சொல்ல வேண்டும், வெள்ளைக்காரர் எழுதும் விமர்சனங்களில் இது வராது. தலையில் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு ஹெட்போன் மாட்டாதீர்கள். எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து செயற்கைத் தோலை உரிய வைக்கும். துணி மெத்தையைப் பிசுபிசுப்பாக்கி, உள்ளே இருக்கும் பஞ்சை அமுக்கிவிடும். பஞ்சு அமுங்கினால் காதுக்கும் ஒலித்தகட்டுக்கும் உள்ள தூரம் குறைந்து ஒலியே மாறும். ‘ஹெட்போன் கெட்டுப்போச்சு, முன்ன மாதிரி இல்ல’ என்று கடைக்கு வருவதில் பலவற்றுக்கு நான் புது மெத்தை மட்டும்தான் போட்டுக் கொடுக்கிறேன். நம் ஈரக் காற்றில் செயற்கைத் தோல், பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்தாலும் சில வருடங்களில் செதில் செதிலாக உதிரும். அதனால் மெத்தை தனியாகக் கிடைக்குமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். நீங்கள் சொன்ன ஐந்துக்கும் கிடைக்கும். பழுது பார்க்கிறவன் கண்ணில் ஹெச்டி 600 தான் ராஜா. கேபிள், மெத்தை, தலைப்பட்டைப் பஞ்சு எல்லாம் கருவி இல்லாமல் கழற்றி மாட்டலாம். 1997-இல் வந்த மாடலுக்கு இன்னும் உதிரி கிடைக்கிறது. டிடி 770 புரோவில் கேபிள் கழற்ற முடியாது, அறுந்தால் பற்றவைக்க வேண்டும்.

இனி, உங்களை அதிகம் குழப்பியிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். டிரைவ் பண்ணுவது என்றால் என்ன? பாட்டின் உச்ச இடங்களிலும் சிதறாமல், தேவையான சத்தத்துக்குத் தேவையான வோல்ட்டையும் மின்னோட்டத்தையும் கொடுப்பது. அவ்வளவுதான். 250 ஓம் என்றால் பெரிய ஆம்ப், 32 ஓம் என்றால் கைப்பேசி போதும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பது பாதி உண்மை. ஓம் என்பது மின்னோட்டத்துக்கு உள்ள தடையின் அளவு. ஒரு மில்லிவாட் கொடுத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்பது வேறு எண். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டிடி 770 புரோவே நல்ல உதாரணம். 32, 80, 250 ஓம் என்று மூன்று வகை, மூன்றுக்கும் கம்பெனி சொல்வது மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் சத்தம். வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் வாட் கிடைக்கும். 1 வோல்ட் கொடுத்தால் 32 ஓமில் 31 மில்லிவாட், 80-இல் பன்னிரண்டரை, 250-இல் 4. டெசிபலாக மாற்றினால் ஏறக்குறைய 111, 107, 102. நாம் நிதானமாகக் கேட்பது சராசரி 70, 75 டெசிபலில். தவில் அடியும் தாளத்தின் ஜல்லும் அதற்கு மேல் 15, 20 டெசிபல் எகிறும். ஆக 95 வரை சிதறாமல் கொடுத்தால் போதும். 1 வோல்ட் தரும் டாங்கிளில் (கைப்பேசியின் சார்ஜ் துளையில் சொருகி ஹெட்போன் மாட்டும் சின்ன இணைப்பு) 250 ஓமும் ஓடும், மெதுவாகப் பதிவான கச்சேரிகளில் மட்டும் ஒலிக்குமிழ் கடைசி வரை போகும். அரை வோல்ட் தரும் டாங்கிள் என்றால் ஆறு டெசிபல் போய்விடும், அப்போது அந்த மெதுவான பதிவுகளுக்குப் பற்றாது. ஹெச்டி 600-ம் ஏறக்குறைய இதே நிலைமைதான். 80 ஓம் வகை இரண்டிலும் தாராளமாக ஓடும்.

சுண்டாராவைப் பாருங்கள். 37 ஓம், 94 டெசிபல். அதை மில்லிவாட்டுக்கு என்று எடுத்துக்கொண்டால் 1 வோல்ட்டில் 108 டெசிபல் வரும். அதாவது ‘டிரைவ் பண்ணக் கஷ்டம்’ என்று பெயர் வாங்கிய சுண்டாரா, அதே வோல்ட்டில் 250 ஓம் டிடி 770-ஐவிடச் சத்தமாகக் கேட்கும். கஷ்டம் வோல்ட்டில் இல்லை, மின்னோட்டத்தில். 1 வோல்ட்டுக்கு 27 மில்லியாம்ப் இழுக்கும். மலிவான டாங்கிள் அந்த இடத்தில் மூச்சு வாங்கும்.

இன்னொரு பொறி, விளம்பரத் தாளில் இருக்கும் அலகு. 560எஸுக்கு 110 டெசிபல் என்று போட்டிருக்கும், டிடி 770-க்கு 96. அடேயப்பா, பதினான்கு வித்தியாசமா என்று தோன்றும். முதலாவது 1 வோல்ட்டுக்குச் சொன்னது, இரண்டாவது 1 மில்லிவாட்டுக்கு. 560எஸ் 120 ஓம். மில்லிவாட் கணக்குக்குக் கொண்டுவந்தால் 101 தான். எந்தத் தாளைப் பார்த்தாலும் எண்ணுக்குப் பின்னால் வோல்ட்டா மில்லிவாட்டா என்று பாருங்கள். பெட்டியில் ‘5 முதல் 35,000 ஹெர்ட்ஸ்’ என்று போட்டிருப்பதைப் படிக்கவே வேண்டாம். மனிதக் காது 20-இலிருந்து 20,000 வரைதான், அதுவும் இளவயதில். அந்த இடைவெளிக்குள் எது ஏறி எது இறங்குகிறது என்பதை அந்த எண் சொல்லாது.

உங்கள் கைப்பேசியில் துளை இல்லாததால் டாங்கிள் கட்டாயம். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஐந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்பதை வாங்கி ஏமாறாதீர்கள். அவற்றில் சில வெறும் கம்பி இணைப்புதான், உள்ளே டிஜிட்டலை ஒலியாக மாற்றும் சிப் இருக்காது. பல கைப்பேசிகளில் வேலையே செய்யாது. ஆப்பிளின் யூஎஸ்பி-சி டாங்கிள் சின்னதாக இருந்தாலும் சுத்தமானது, 1 வோல்ட் தரும். ஐரோப்பாவுக்கென்று விற்கும் வகை மட்டும் அரை வோல்ட். சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அதன் முழு ஒலியும் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். வாங்கியதும் நீங்களே அளந்து பார்க்கலாம். 60 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றை முழுச் சத்தத்தில் ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, டாங்கிளில் சொருகிய ஒரு ஆடியோ கம்பியின் மறுமுனைப் பிளக்கின் நுனிக்கும் அடிக்கும் வைத்தால் எண் வரும். 1000 ஹெர்ட்ஸில் அளக்காதீர்கள், சாதாரண மீட்டர் அங்கே சரியாகக் காட்டாது. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம்.

பழைய ஸ்டீரியோ ஆம்ப் வீட்டில் இருக்கிறது, அதில் சொருகலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். சொருகலாம், ஆனால் பழைய ஆம்ப்களில் ஹெட்போன் துளைக்கு முன்னால் நூறு ஓமுக்கு மேல் தடை வைத்திருப்பது வழக்கம். ஹெச்டி 600-இன் தடை எல்லா ஸ்தாயியிலும் 300 இல்லை, 100 ஹெர்ட்ஸ் அருகில் 500-ஐத் தாண்டும். முன்னால் 120 ஓம் இருந்தால் அந்த இடத்தில் சத்தம் ஒரு டெசிபலுக்கு மேல் ஏறி, பேஸ் கொஞ்சம் கனக்கும். சிலருக்கு அது பிடிக்கும். சுண்டாராவின் தடை எங்கும் ஒரே மாதிரி இருப்பதால் ஒலியின் நிறம் மாறாது. சத்தம் மட்டும் பன்னிரண்டு டெசிபல் போல இறங்கும்.

பெரிய ஆம்ப் போட்டால் ஹெட்போன் ‘விழித்துக்கொள்ளும்’ என்று சொல்வார்கள். 2009-இல் ஈப்போவில் ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பி, ஹெச்டி 600-க்காக ஒரு மாதச் சம்பளத்துக்கு ஆம்ப் வாங்கினேன். வீட்டில் மீட்டரை வைத்து இரண்டிலும் ஒரே வோல்ட் வரும்படி சரிசெய்து, எது ஓடுகிறது என்று தெரியாமல் மகளை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேட்டேன். எனக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. முன்பு கேட்ட வித்தியாசம் சத்தத்தின் வித்தியாசம்தான். இது என் காதில், அந்த இரண்டு கருவியில் கண்டது, எல்லாவற்றுக்கும் சட்டமாக்க மாட்டேன். ஆனால் டாங்கிள் போதாது என்று உங்கள் காதே சொன்ன பிறகு ஆம்ப் வாங்குங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

ஒலியின் தரம் என்பதில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஸ்தாயி சமநிலை, அதாவது தாழ்ந்த, நடு, உச்ச ஒலிகள் ஒன்றையொன்று மிஞ்சாமல் இருப்பது. ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷான் ஓலிவும் டாட் வெல்டியும் 2012-க்குப் பிறகு நடத்திய ஆய்வுகளில், பெயரும் விலையும் தெரியாமல் கேட்டவர்களில் பெரும்பாலோர், நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் கேட்பது போன்ற சமநிலையையே விரும்பினார்கள். ஹெச்டி 600-இல் குரலும் வயலினும் வீணையும் அத்தனை இயல்பாக வரும், பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போல. அடி பேஸ் மட்டும் மெலியும், மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) சற்று வற்றினாற்போல் இருக்கும். 560எஸ் அதைவிடக் கீழே இறங்கும். சுண்டாராவின் பேஸ் மிக ஆழம் வரை வற்றாமல் போகும், எண்பதுகளின் பாடல்களில் பேஸ் கிட்டாரைத் தனியாகப் பின்தொடரலாம். எம்50எக்ஸ் பேஸைத் தூக்கிக் காட்டும். டிடி 770 பேஸையும் மேலே 8,000 ஹெர்ட்ஸ் பக்கத்தையும் தூக்கும், அதனால் பாடகரின் ‘ச’வும் நாதஸ்வரமும் சீறும். ஈக்வலைசர் செயலியில் அந்த இடத்தை நான்கு டெசிபல் இறக்கினால் சீற்றம் அடங்கும். ஒலியில் பெரும்பகுதியை இப்படித் திருத்திக்கொள்ளலாம். பிடியின் இறுக்கத்தையும், அறைக்குள் கசியும் சத்தத்தையும் எந்தச் செயலியும் திருத்தாது. ஒலியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் அதுதான்.

விரிவு, ஆழம், எந்த வாத்தியம் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் காதுமடலின் வடிவத்தைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். அதில் என் சொல்லையும் கேட்காதீர்கள், மாட்டிப் பாருங்கள். விலை உயர்ந்த கேபிளால் ஒலி மாறுகிறது என்பதை என் மேசையில் ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை. நூறு மணி நேரம் ஓடினால் பக்குவப்படும் என்பதில், மெத்தை இளகி மாறுவது உண்மை. மீதி பெரும்பாலும் நம் காது பழகுவது.

இப்போது அந்தக் கையைப் பற்றி. என் பள்ளித் தோழன் ஒருவன் செம்பனை ஆலையில் கொதிகலன் பக்கம் பதினெட்டு வருடம் வேலை செய்தான். ஒருநாள் ஹெட்போனைக் கொண்டுவந்து, தாளச் சத்தம் போய்விட்டது, ட்ரெபிள் செத்துவிட்டது, பார் என்றான். இரண்டு பக்கமும் அளந்தேன், புதிது போல இருந்தது. என் ஹெட்போனை மாட்டிவிட்டேன், அதிலும் அவனுக்குத் தாளம் கேட்கவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதி. வேலையில் கேட்ட இரைச்சலும் வீட்டில் கேட்ட பாட்டும் காதுக்கு ஒரே கணக்கில்தான் ஏறும். ஷிப்ட் முடிந்து வந்தவுடன் காது தற்காலிகமாக மந்தமாகியிருக்கும், அப்போது எந்தப் பாட்டும் சத்தம் போதாமல்தான் தெரியும். ஆலையில் காதடைப்பான் கட்டாயம் போடுங்கள். வந்து குளித்து, பசியாறி, ஒரு மணி நேரமாவது கழித்துக் கேளுங்கள்.

உங்கள் நிலைமைக்கு என் தேர்வு டிடி 770 புரோ, ஆனால் 250 இல்லை, 80 ஓம் வகை. குழந்தை விழிக்காது, மழையில் ஒலியைக் கூட்டத் தோன்றாது, கண்ணாடியோடு மாட்டலாம், 1 வோல்ட் டாங்கிளே போதும், பஜனைப் பதிவில் பேஸ் முழக்கமும் மூச்சுச் சத்தமும் தெளிவாகப் பிடிபடும். அதன் கேபிள் 3 மீட்டர், படுக்கையில் காலில் சிக்கும், சுருட்டிக் கட்டி வையுங்கள். தனி அறை கிடைக்கும் நாள் வந்தால் 560எஸ். குரலுக்காகவே கேட்கிறவர் என்றால் ஹெச்டி 600. வாங்கும் முன் விடுமுறை நாள் காலையில், காது ஓய்ந்திருக்கும்போது, உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மனப்பாடமாகத் தெரிந்த ஒரு கச்சேரியோடு கடைக்குப் போங்கள். இருபது நிமிடமாவது கழற்றாமல் உட்காருங்கள். ஈப்போ வரை போக வேண்டாம் என்றால் என் கடையில் 80 ஓம் வகை ஒன்று எனக்கென்று வைத்திருக்கிறேன், மாட்டிப் பார்க்கலாம். தலையில் எண்ணெய் மட்டும் வேண்டாம்.